மாரீஸ்வரன் ஏன் வரவில்லை?

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ராமநாதபுரம் கோர்ட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

விபத்து கேஸ்களிலேயே தலை நரைத்த வக்கீல் கூத்தையா, மனைவி போனபின் தனிக்கட்டை. அவருடைய கட்சிக்காரர் வாவு முகம்மது, பஸ் மோதிக் காலை இழந்தவர், பிள்ளைகள் துபாயில். வாய்தாதோறும் தனக்கும் வக்கீலுக்கும் மீன்சோறு கொண்டுவருவார்.

விபத்தை நேரில் பார்த்த மாரீஸ்வரன் அன்றும் சாட்சி சொல்ல வரவில்லை. கேஸ் தள்ளிப்போனது.

கோர்ட் வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்ததும் வக்கீல் சிடுசிடுத்தார். "அவன் வந்திருந்தா இன்னைக்கே ஜெயிச்சிருப்போம், பாய்!"

"கோவிக்காதீக வக்கீலய்யா. நாந்தான் அவனை வர வேணாம்னேன். கேஸ் முடிஞ்சுட்டா நான் யாரோட உக்காந்து சாப்பிட?"

கூத்தையா தலைகுனிந்து சோற்றைப் பிசைந்தார்.

"நேத்து நானும் அவனுக்குப் போன் போட்டு அதத்தான் சொன்னேன், பாய்."

உங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிரே ஓர் ஆள் இருக்கட்டும், கண்ணுகளா.