மான் பார்க்கப் போகிறவர்

"இன்னும் எத்தினை தரம் அந்த மானைப் பாக்கப் போறியள்? அது என்ன, உங்கட சொந்தக்காரனோ?"

சிவபாலன் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காரைவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மனைவி சுசீலாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டிலிருந்து வடக்கே ஓல்போர்க் வரைக்கும் இரண்டு மணி நேரக் கார் ஓட்டம். துறைமுகத்தில் நின்று பிளாஸ்க் தேத்தண்ணி. பிறகு நேரே இந்தச் சதுப்புக்காடு. மாதம் தவறாமல் இதே கூத்து.

அதே ஓல்போர்க்கில்தான் மகள் துவாரகா இருக்கிறாள். டெனிஷ்காரனைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருடம். பேரன் பிறந்ததுகூடக் கோயிலில் யாரோ சொல்லித்தான் தெரியும்.

இந்தத் தடவையாவது மகள் வீட்டுப் பக்கம் காரைத் திருப்புவாரா என்ற ஏக்கத்தில்தான் ஒவ்வொரு முறையும் கூடவே வருகிறாள். வந்து, குளிருக்குப் பயந்து காருக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்புகிறாள்.

மகள் போன அன்று ஆத்திரத்தில் அவளும் என்னென்னவோ கத்தினாள்தான். பெற்ற வயிறு, கத்தாதா? அதற்காக இந்த மனுசன் ஒரு தரம், "வாரும், பிள்ளையைப் பாத்திட்டு வருவம்" என்று சொல்லக் கூடாதா? கல் நெஞ்சுக்காரர்!

இன்று பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று நடந்து, அவர் நின்ற பார்வைக் கோபுரத்தில் ஏறினாள்.

"பெத்த பிள்ளையை விட மான் பெரிசாப் போச்சோ உங்களுக்கு?"

அவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. பைனாகுலரை நீட்டினார்.

"பாரும்."

சேற்று நிலத்துக்கு அப்பால், பாதையோரம், சிவப்புத் தொப்பி போட்ட குழந்தையைத் தோளில் வைத்தபடி ஒரு வெள்ளைக்காரன். பக்கத்தில் ஒரு பெண். அவளும் பைனாகுலரால் இந்தக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துவாரகா!

"எந்தச் சனிக்கிழமை எண்டு மருமோன்தான் மெசேஜ் போடுவார்" என்றார் சிவபாலன்.

சுசீலாதேவி பைனாகுலரை இறக்கினாள். "இவ்வளவு கிட்ட வந்தும், போய் ஒரு வார்த்தை கதைக்கேல்லையே. ஏனப்பா?"

"அவள் போன அண்டைக்கு என்னை உம்மட தலையிலை அடிக்க வைச்செல்லோ சத்தியம் வாங்கினனீர், அவளின்ரை வாசல் மிதிக்கக் கூடாது, அவளோடை கதைக்கக் கூடாது எண்டு. மீறினால் உமக்கு ஏதும் ஆகிடுமோ எண்டு எனக்குப் பயம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாக்கக் கூடாதெண்டு மட்டும் நீர் சொல்லேல்லை."