செட்டிங்குக்கு ஒரே மார்க்

"உங்க வீட்டுக்காரருக்கு வேலை பிடிச்சுக் குடுக்க நம்ம ஓய்வறைதான் கிடைச்சுதா?"

மேனேஜர் எல்லார் எதிரிலும் கேட்டேவிட்டார். சாவிக்கொத்தும் கையுமாக நின்ற ஸ்டோர் அக்கா அசரவில்லை.

"வேலை கேக்கல சார். அந்த மூணாவதை வாங்குங்க, அவர் வந்து சும்மாவே செட் பண்ணித் தருவார்னுதான் சொன்னேன்."

விஷயம் இதுதான். மருந்துக் குடோன் ஊழியர்கள் ஓய்வறைக்கு ஒரு விளையாட்டு கேட்டார்கள். பின்பால் என்று முடிவானது. குண்டைச் சுண்டிவிட்டு, அது கீழே விழாமல் இரண்டு மட்டைகளால் தட்டிக்கொண்டே இருக்கிற ஆட்டம். அசல் மெஷினுக்கு இடமில்லை. பழைய டி.வி.யை மேஜைமேல் படுக்க வைத்து, கம்ப்யூட்டரில் ஓட்டிக்கொள்ளலாம் என்றார்கள்.

எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று பார்க்கும் பொறுப்பு பில்லிங் கிளார்க்குக்கு வந்தது. பல் துலக்கும் பிரஷ் வாங்கக்கூட நாலை வைத்து ஒப்பிடுகிற ஆசாமி. குடோனில் அவருக்குப் பேரே 'மார்க்கு'. மூன்று சாஃப்ட்வேரை ட்ரையலுக்கு இறக்கி, ஒரு வாரம் ஆராய்ந்து, பத்துக்கு இத்தனை என்று சுவரில் தாளே ஒட்டிவிட்டார்.

முதலாவதில் படம் கண்ணைப் பறித்தது, ஆனால் குண்டு சோப்பு நுரை மாதிரி மிதந்தது. இரண்டாவது எல்லாவற்றிலும் சுமார், ஆனால் ஐந்தே நிமிஷத்தில் செட்டாகி ஓடிவிட்டது. மூன்றாவதில் குண்டுக்கு அசல் கனம் இருக்குமாம், மேஜையை லேசாக இடித்தால் குண்டும் விலகுமாம். 'இருக்குமாம்' என்று சொல்லக் காரணம், மார்க்கு இரண்டு நாள் மல்லுக்கட்டியும் அது ஓடவே இல்லை. செட்டிங்குக்கு ஒரே ஒரு மார்க்.

எல்லாரும் இரண்டாவதற்கே கை தூக்கினார்கள், அக்காவைத் தவிர.

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கணுமாக்கா?" என்றார் மார்க்கு.

"அவர் பதினாறு வருஷம் ஃபேக்டரியில மெஷின் பார்த்தவர். இதெல்லாம் அவருக்கு ஒரு விஷயமா?" அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஃபேக்டரி மூடி எட்டு மாசம் ஆகிறது. "ஃபேன் நின்னா கூட, எனக்கு இனிமே எதுவும் வராது, வேற ஆளைக் கூப்பிடுங்கிறார்" என்று அக்காவே ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டு, பாதியில் டிபன் பாக்ஸை மூடினாள். மனுஷன் வீட்டைவிட்டு வெளியே வந்தே நாளாகிவிட்டது.

"காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்று முணுமுணுத்தார் மேனேஜர். "சரி, ரெண்டு நாள். அதுக்குள்ள ஓடலைன்னா ரெண்டாவதுதான். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

மறுநாள் அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். ஓய்வறைக் கதவிலேயே நின்றுவிட்டார்.

"எனக்கு இந்த கேம் எல்லாம் தெரியாதுங்க. இவ சொன்னாளேன்னு வந்தேன்."

அன்று ஒன்றும் நடக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்தார், மூடினார். மார்க்கு போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆனால் சாயங்காலம் கிளம்பும்போது வீட்டுக்காரர் தயங்கவில்லை. "நாளைக்கு முடிச்சுடலாங்க" என்றார்.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு ஆட்டம் ஓடிவிட்டது. அவர் விடவில்லை. பட்டனை அழுத்தினால் மட்டை ஒரு கணம் பிந்தி எழும்புகிறது என்று டி.வி. செட்டிங்கை மாற்றினார். குண்டு சோம்பேறியாக உருள்கிறது என்று மேஜையின் சரிவைக் கூட்டினார். குறைத்தார், மறுபடி கூட்டினார். மதியத்துக்குள் குடோனே ஓய்வறையில் கூடிவிட்டது.

மார்க்கு ஓர் ஆட்டம் ஆடிவிட்டு நிமிர்ந்தார். "இரும்புக் குண்டேதாங்க. அண்ணே, என் மச்சான் பட்டறையில ஒரு மெஷின் மாசக்கணக்கா முரண்டு பிடிக்குது. வந்து பார்க்குறீங்களா?"

"நாளைக்கே வரேன்" என்றார் அவர், தலை நிமிர்ந்து.

அக்கா ஆட வரவே இல்லை. வாசலில் நின்று, வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

மேனேஜர் அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார்.

"நான் தப்பா பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. பாவம் அவங்க, எது சுலபம் எது கஷ்டம்னுகூடத் தெரியாம உங்களை நம்பி அடம் பிடிச்சாங்க."

அவர் சிரித்தார். "சார், இது போன ஞாயித்துக்கிழமையே ஓடியிருக்கு."

"லீவு நாள்லயா? யாரு?"

"ஸ்கோர் ஃபைல்ல முதல் பத்து இடத்துலயும், ஞாயித்துக்கிழமை தேதி போட்டு, அவ பேருதான் சார். நல்லாவே ஆடியிருக்கா. அப்புறம் செட்டிங்கை எல்லாம் பழையபடி கலைச்சு வெச்சுட்டுப் போயிருக்கா."

வெளியே அக்காவின் குரல் கேட்டது. "எனக்கு கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே தெரியாதுப்பா, எல்லாம் அவர்தான்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேப்பேனா சார்? அதைப் பார்த்தப்புறம் இதை ஓடவைக்காம வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரல" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேற யார் கண்ணுலயாவது பட்டா அவளுக்குச் சங்கடம். நேத்து நான் செஞ்ச ஒரே வேலை, அந்தப் பத்து இடத்துலயும் இருந்த அவ பேரை அழிச்சதுதான்."