துண்டுக்கு முதல் மரியாதை

தேன்மொழி தானாகக் குளிக்கப் பழகட்டும் என்று, அம்மா குளியலறைச் சுவரில் நாலு படம் வரிசையாக ஒட்டியிருந்தாள். வாளி, சோப்பு, மறுபடி வாளி, கடைசியில் துண்டு.

ஆணியில் தொங்கிய துண்டுக்கு வயிறு எரிந்தது. "உனக்கு ரெண்டு தடவை. எனக்குக் கடைசிப் பந்தியா?"

"தண்ணி ஊத்தினாத்தானே உனக்கு வேலை," என்றது வாளி.

"ஒருத்தருக்குப் பின்னாடி நிக்கிற வம்சம் இல்ல நான்." துண்டு நுனியை நீட்டித் தன் படத்தைப் பிய்த்து, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒட்டிவிட்டது.

தேன்மொழி வந்தாள். படத்தைப் பார்த்து, காய்ந்த உடம்பைத் துண்டால் அழுத்தித் துடைத்தாள். துண்டுக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு அவள் தண்ணீர் ஊற்றி, சோப்பு போட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றினாள். நடுங்கிக்கொண்டே துண்டை எட்டினாள்.

"என் முறை அப்பவே முடிஞ்சுது கண்ணு. படத்தைப் பாரு."

பார்த்தாள். சரிதான். சொட்டச் சொட்ட யூனிபார்மை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

கூடம் வரைக்கும் தண்ணீர். அம்மா ஓடிவந்து, தரையைத் துடைக்க ஒரு துணி தேடினாள். காய்ந்ததாக ஒன்றே ஒன்று ஆணியில் தொங்கியது.