வெளிச் சத்தம் புகாத ஹெட்போன்

"அப்பா! இங்க பாரு! என் மூஞ்சியப் பாருன்னு சொல்றேன்ல!"

கடைக்குள் கால் வைத்ததுமே கத்தினாள் ரெத்னோ. அதுவும் அப்பாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெபாஞ்சென் பஜாரில் பதினோரு வருஷமாக ஹெட்போனும் ஸ்பீக்கரும் விற்கிறேன். வாயாடிகள் எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் ஜாவாவில் பெற்றவரிடம் பேசுவதென்றால் தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும். ப்ளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு இது கூடவா தெரியாது?

அந்த அப்பாவும் லேசுப்பட்ட ஆளில்லை. பாக் கிமின்! 'பாக்' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா'. ஆகஸ்ட் சுதந்திர தின ஊர்வலத்தில் லாரி நிறைய ஸ்பீக்கர் அடுக்கி அவர் பாஸை, அந்தத் தும் தும் இடியை, ஏற்றினால் கூரை ஓடு உதிரும். அவர் லாரி வருகிறதென்றால் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுத்தான் நாங்கள் ஆடவே கிளம்புவோம்.

"என்னம்மா வேணும்?"

"கேம் ஆட ஹெட்போன். வெளிச் சத்தம் ஒரு துளி உள்ள வரக் கூடாது."

பாக் கிமின் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "பாஸ் எப்படி? பாஸ் இல்லாத ஹெட்போன் மிளகாய் இல்லாத சம்பல் மாதிரி."

"கேமுக்கு எதுக்கு பாஸ்? பின்னால வர்றவன் காலடிச் சத்தம் கேக்கணும். உனக்கு இதெல்லாம் தெரியாது, சும்மா இரு!"

அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆறு ஹெட்போன் எடுத்துப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிவதையும் பூனைக்காது வைத்ததையும் அவள் தொடவே இல்லை. மற்றதைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, "அக்கா, அந்தப் பெரிய ஸ்பீக்கர அலற விடுங்க" என்றாள். பிறகு அதையே அப்பா தலையில் மாட்டி, "இறுக்குதா? வலிக்குதா?" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினாள். கேம் ஆடப்போவது இவள், வலி கேட்பது அவரிடமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் ஸ்பீக்கரை நிறுத்தவும் சுரோட்டோ வரவும் சரியாக இருந்தது. ஊர்வலக் கமிட்டித் தலைவர். பாக் கிமினின் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே பேச்சை ஆரம்பித்தார்.

"பாக் கிமின், நல்லவேளை இங்கயே பாத்தேன். பக்கத்து ஊர்ல புது லாரி இறங்கியிருக்கு. இந்த வருஷம் அதைக் கூப்பிடலாமான்னு கமிட்டியில பேச்சு. நீங்க என்ன சொல்றீங்க?"

பாக் கிமின் திரும்பக்கூட இல்லை. ஹெட்போன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுரோட்டோவின் முகம் கறுத்தது.

ரெத்னோ பாய்ந்து அப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"அப்பா! கமிட்டித் தலைவர் கேக்கிறார்! இந்த வருஷம் நீயா, புது லாரியா? வாயத் திறந்து சொல்லு!"

பாக் கிமின் நிமிர்ந்தார். "நான் இருக்கும்போது புது லாரியா? வரச் சொல்லுங்க, பாக்கலாம்."

சுரோட்டோ அவர் எதிரே வந்து நின்றார். "லாரி கிடக்கட்டும். முதல்ல பொண்ண அடக்கி வையுங்க."

"என்னை அடக்குறது இருக்கட்டும் பெரியப்பா" என்றாள் ரெத்னோ. "பதினேழாம் தேதி எத்தனை மணிக்கு வரணும்? அதச் சொல்லுங்க."

சண்டை வேண்டாமென்று, கடைசி ஹெட்போனைக் கம்ப்யூட்டரில் செருகி பாக் கிமினிடம் நீட்டினேன். "பாஸ் எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். தலை ஆடியது, விரல் மேஜையில் தாளம் போட்டது.

"இதான்! என்னமா இடிக்குது பாருங்க! இதான் பாஸ்!"

சுரோட்டோ இளகிப்போனார். "அந்தக் காது வேற யாருக்கு இருக்கு?" என்று சொல்லி, யாருக்கோ போன் போட்டார். "நம்ம கிமினையே வெச்சுக்கலாம். ஆமா, முடிவுதான்."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பாட்டை நான் இன்னும் போடவே இல்லை.

சொல்ல வாயெடுத்தேன்.

"என்னக்கா பாக்கிறீங்க?" ரெத்னோவின் கண்ணில் நெருப்பு. "அப்பா சொல்லிட்டார்ல? இதையே கட்டிக் குடுங்க!"

வாயை மூடிக்கொண்டு கட்டிக் கொடுத்தேன்.

இரண்டு பெரியவர்களும் எதிர்க்கடைக்குக் காபி குடிக்கப் போனார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"எப்போலேருந்து?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா. பாஸ் அடி மட்டும் உடம்புல தெரியும். பேச்சு சுத்தமா காதுல விழாது. வெளிய தெரிஞ்சா அவர லாரியில ஏத்த மாட்டாங்க. லாரி இல்லன்னா அப்பா உடைஞ்சு போயிடுவார். நான் இருக்கிறவரை அது நடக்காது."

"அப்ப இந்த ஹெட்போன்?"

"அவருக்குத்தான். எனக்குன்னு சொன்னாதான் கடைக்கு வருவார். ஆகஸ்ட்ல லாரி மேல ஏறினதும் நானே மாட்டி விட்டுடுவேன். மிச்சம் இருக்கிற காதாவது பிழைக்கட்டும்."

மனசு கரைந்துதான் போனது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"எல்லாம் சரிடி. அதுக்காக ஊர் முன்னாடி அப்பாவ இப்படியா பேசுவ? உன்ன என்னன்னு நினைப்பாங்க? கொஞ்சம் தலையக் குனிஞ்சு பேசினா என்ன குறைஞ்சா போயிடுவ?"

"ஊர் என்ன வேணா நினைக்கட்டும்" என்றாள், தலையை இன்னும் நிமிர்த்தி. "நான் குனிஞ்சா, அப்பாவுக்கு என் உதடு தெரியாதுக்கா."