தூதரின் நாற்காலி

பல தேசத்துத் தூதர்கள் கூடியிருந்த முன்ஸ்டர் நகரில், போரை நிறுத்தும் சமாதானப் பேச்சு நாலாவது வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் போர்முனையில் இருக்கும் மகன் பெரெண்ட் வீடு திரும்புவான் என்று காத்திருந்தாள் எல்ஸ்கே.

அவள் புருஷன் ஹின்ரிக், தூதர்களின் உருவத்தைச் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து விற்பவன். அன்று ஒரு தூதர் வந்து படங்களை மேசைமேல் வீசினார்.

"படத்துல எதிர்த்தரப்புக்காரன் நாற்காலி என்னுதைவிட ஒரு விரல் உசரமா இருக்கு. ஊரே சிரிக்குது. இதைத் திருத்தற வரைக்கும் நான் சபைக்கு வர்றதா இல்ல."

"தகட்டு வேலைங்கய்யா, ரெண்டு மாசம் பிடிக்கும்," என்றான் ஹின்ரிக் பணிவாக.

அவர் போனதும் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். எல்ஸ்கே ஒரு வாய் மென்றபடியே பொரிந்தாள்.

"இவனெல்லாம் மனுஷனா? அங்க பிள்ளைங்க சாவுது, இவனுக்கு நாற்காலி. போன மாசம் இன்னொருத்தன் படத்துல தன் தொப்பி சின்னதா இருக்குன்னு மல்லுக்கு நின்னான். நீயாவது எல்லாத்தையும் ஒரே அளவா செதுக்கித் தொலைக்கக் கூடாதா?"

ஹின்ரிக் சிரித்தான். "ஒரே அளவா செதுக்கத் தெரியாதவனாடி நான்? வேணும்னுதான் ஒருத்தனுக்குக் கொஞ்சம் உசத்தி வைக்கிறேன். கையெழுத்துப் போட்டுட்டா எல்லாரும் ஊருக்குக் கிளம்பிடுவானுங்க. அப்புறம் யார் மூஞ்சியைச் செதுக்குறது?"

"பெரெண்ட்?"

"வருவான், வருவான். நீ சாப்பிடு," என்று ரொட்டியைப் பிட்டு அவள் பக்கம் தள்ளினான்.

எல்ஸ்கே வாயில் இருந்ததை விழுங்காமல் எழுந்துபோய் வாசலில் துப்பினாள்.