எட்டு எண்ணும் வரை

கறுப்புத் துணிக்குள் அவள் தலையை நுழைத்தாள். கேமராவின் பின்புறக் கண்ணாடியில் கணவர் தலைகீழாக உட்கார்ந்திருந்தார்.

பழைய மரக் கேமரா. கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கியது. அந்த வகையில் வீட்டில் அதுதான் மூத்தாள்.

லென்ஸுக்குப் பின்னால் மடிந்து விரியும் துருத்தியில் விழுந்த ஓட்டைகளைக் குடைத்துணி வைத்து ஒட்டியிருந்தார். ஷட்டர் எப்போதோ உயிரை விட்டுவிட்டது. லென்ஸைத் திறக்கவும் மூடவும் ஓர் ஊறுகாய்ப் புட்டியின் மூடிதான். ஃபிலிமுக்கு, அவள் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையில் தேதி முடிந்து ஒதுக்கிய பெட்டிகள். உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்வார்கள்.

லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு வலப்பக்கம் இருந்தது. லேத் பட்டறையில் கொடுத்து அதை இடப்பக்கத்துக்கு மாற்றி நேற்றுத்தான் வாங்கி வந்தாள்.

இனி அவருக்கு இடது கைதான்.

வலது கை நாற்காலியின் கைப்பிடிமேல் கிடந்தது. காலையில் அவள் தூக்கி வைத்த இடத்திலேயே.

பக்கவாதம் வந்து ஏழு மாதம். ஆறு மாதத்துக்குள் விரல் அசைந்தால் நம்பலாம், அதற்கப்புறம் கஷ்டம் என்று பிசியோதெரபிக்காரர் சொல்லியிருந்தார். ஆறாவது மாதம் முடிந்த அன்று இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இட்லிக்கு என்ன சட்னி என்று அரைமணி நேரம் பேசினார்கள்.

மாற்றிய திருகு நிற்கிறதா, துருத்தியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க ஒரு படம் எடுத்தாக வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிம் கொஞ்சம் மந்தம். ஜன்னல் வெளிச்சத்தில் எட்டு எண்ணும்வரை திறந்து வைத்தால்தான் ஏதாவது விழும். அதற்குள் எதிரே இருப்பவர் அசைந்தால் படம் கலைந்துவிடும்.

"ஆடாம இருக்கணும், பாத்துக்கிடுங்க."

"ஏழு மாசமா அதத்தான பண்ணுதேன்."

நாக்கு இன்னும் குழறியது. கிண்டல் மட்டும் குழறவில்லை.

இந்த மட்டுக்கும் மனிதர் மிஞ்சினாரே என்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு அவள் மூடியை எடுத்தாள். கண் கடிகாரத்தில். ஒன்று, இரண்டு.

எட்டில் மூடினாள்.

குளியலறை ஜன்னலை அட்டையால் அடைத்தாயிற்று. சிவப்பு பல்பு. படம் கழுவும் மருந்தோடு மூன்று தட்டுகள். முதல் தட்டில் ஃபிலிமை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கட்டங்கட்டமாக அவர் சட்டை எழுந்து வந்தது. மூக்குக் கண்ணாடி வந்தது.

கடைசித் தட்டிலிருந்து எடுத்து, அலசி, விளக்கைப் போட்டுத் தூக்கிப் பார்த்தாள். கசிவு இல்லை. திருகும் நின்றிருக்கிறது.

ஆனால் கலைந்திருந்தது.

சே என்றாள். எரிச்சலாக வந்தது. நாற்காலி ஆடியதா? தெருவில் லாரி போனதா? மருத்துவமனையில் இருபது வருடமாக இதே பாடு. மூச்சை அடக்கு என்றால் அப்போதுதான் மூச்சு விடுவார்கள். ஆடாதே என்றால் தலையை ஆட்டிச் சரி என்பார்கள். அசைந்தவர்களைத் திட்டித் திட்டியே அவள் தொண்டை தேய்ந்திருந்தது.

மறுபடி பார்த்தாள்.

மூக்குக் கண்ணாடி கூர்மையாக இருந்தது. சட்டைப் பொத்தானின் நான்கு ஓட்டைகளை எண்ணலாம். இடது கையில் கடிகாரப் பட்டையின் தையல்கூடத் தெரிந்தது.

நாற்காலி ஆடவில்லை. லாரியும் போகவில்லை.

வலது கை. முழுக் கைகூட இல்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும், புகை மாதிரி.

தண்ணீரில் போட்டாள். திரும்ப எடுத்தாள். அப்படியேதான் இருந்தது.

உட்கார இடம் தேடி, கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தாள். அசைந்த விரல் படத்தில் எப்படி விழும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயுசில் முதல்முறையாக, அசைந்துவிட்ட ஒருவருக்காக அழுதாள். நன்றி, நன்றி என்று சத்தமாகவே சொன்னாள். குளியலறையில் அது இரண்டு மடங்காகக் கேட்டது.

ஈரம் சொட்டச் சொட்ட ஃபிலிமை எடுத்து வந்து அவர் இடது கையில் கொடுத்தாள். அவர் ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நாற்பது வருடம் நெகட்டிவ் பார்த்த கண். வெகுநேரம் பார்த்தது.

"யாரு ஆட்டுனது?"

"நீங்கதான்."

"எனக்குத் தெரியலயே."

"ஃபிலிமுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். ஊரிலிருந்து வந்த ஆளைப் பார்ப்பதுபோல.

"இன்னொண்ணு போடு," என்றார்.

போட்டாள். மூடியை எடுத்தாள். இந்த முறை கடிகாரத்தின் பக்கமே திரும்பவில்லை. கேமராவுக்கு அருகில் நின்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு வாய்விட்டு எண்ணினாள்.

ஐந்து. ஆறு. ஏழு.

ஒன்றும் இல்லை.

எட்டு வந்தது. அவள் மூடவில்லை. ஃபிலிம் கருகிப்போகும் என்று இருவருக்கும் தெரியும். மூடு என்று அவரும் சொல்லவில்லை. அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

பன்னிரண்டு. பதின்மூன்று.

பதினைந்தில், சுண்டுவிரல் ஓர் அரிசி உயரத்துக்கு எழுந்தது.

எழுந்து, நின்றது.

பதினாறு என்றாள். பதினேழு என்றாள். அதற்கு மேல் எண்ண மறந்தாள். மூடி கையிலேயே இருந்தது.

பேசினால் படத்தில் முகம் கலைந்துவிடும். அது அவருக்குத் தெரியாதா?

"பதினெட்டு," என்றார்.