குழாயடிச் சண்டை

“இன்னிக்காவது ஒரு வரியில ஒத்துப்போனாங்களா?” என்று கேட்டார் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர்.

“வணக்கம் சொல்லிக்கிட்டதோட சரி சார். அதுக்கப்புறம் குழாயடிச் சண்டைதான்” என்றாள் அறிக்கையை எழுதியவள்.

சண்டையே ஒரு குழாயைப் பற்றித்தான். எல்லையை மூடிவிட்டு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு அரபு நாடுகள். ஒன்றிடம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது, அதை ஓட்டப் போதுமான மின்சாரம் இல்லை. மற்றதிடம் சூரிய மின்சாரம் கொட்டிக் கிடக்கிறது, எல்லையோர ஊர்களில் குடிக்கத் தண்ணீர் இல்லை. நீ மின்சாரம் கொடு, நான் தண்ணீர் தருகிறேன் என்பதுதான் திட்டம். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். பெரியவர்களுக்குப் புரியவைக்கத்தான் அவள் வருஷக்கணக்கில் நாயாய் அலைந்து அறிக்கை எழுதியிருந்தாள்.

அரசாங்கங்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. ஆகவே பக்கத்துக்கு ஒருவராக ஓய்வுபெற்ற தூதர்கள் வந்திருந்தார்கள். அலுவலகத்தில் அவர்களுக்கு நெட்டையார், குட்டையார் என்று பெயர். கூடவே வந்த உதவியாளர்கள் ஒரு வார்த்தை விடாமல் குறிப்பெடுத்து, அன்றன்றே ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

நெட்டையார் அறிக்கையைத் தூக்கி மேஜைமேல் எறிந்தார். குழாயின் வால்வு யார் பக்கம் இருப்பது என்று குட்டையார் ஒரு காலைப் பொழுதையே தின்று தீர்த்தார். எழுதியவளுக்கு எங்கள் மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று இருவரும் சொன்னார்கள். அதில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை. அவளுக்கு அரபி தண்ணீர் பட்ட பாடு என்பதால் திட்டெல்லாம் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தது.

நாளை கடைசி நாள். சம்மதம் வராவிட்டால் திட்டத்தையே மூட்டை கட்டிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எல்லையோரத்தில் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்ற ஒரு பெண், அடுத்த தடவை எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் உனக்கு டீ போட்டுத் தருவேன் என்று இவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

முந்தின நாள் அம்மா போனில் கூப்பிட்டபோது இவள் அழுதேவிட்டாள். ரெண்டு கிழங்களையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டு, தானாக வழிக்கு வருவார்கள் என்று அம்மா யோசனை சொன்னாள். அம்மாவுக்கென்ன, சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இயக்குநரிடமிருந்து திரும்பும் வழியில், சார்ஜரை எடுக்கக் கூட்ட அறைக்குள் நுழைந்தாள். உதவியாளர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நெட்டையாரும் குட்டையாரும் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவளுடைய அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் என்ன குற்றம் கண்டுபிடிக்கப் போகிறார்களோ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டாள்.

“ஐயா, என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. நாளைக்கு மட்டும் கொஞ்சம் மனசு வைங்க. அந்த ஊர் ஜனங்க பாவம்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குட்டையார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“வந்த அன்னிக்கே நாங்க ரெண்டு பேரும் சரின்னு முடிவு பண்ணிட்டோம்மா” என்றார் நெட்டையார். “உடனே தலையாட்டிட்டுப் போனா, ஊர்ல விலைபோயிட்டான்னு சொல்லி எங்களையும் நம்ப மாட்டாங்க, உன் குழாயையும் போட விட மாட்டாங்க.”

குட்டையார் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நாளைக்குச் சாயங்காலம் கையெழுத்து. அதுவரைக்கும் அடிச்சுக்க விஷயம் தீர்ந்துபோச்சு, நீதான் ஒண்ணு எடுத்துக் குடேன்.”